மேகத்துக்கும் ஒரு சாவிக்கொத்து

திருமுல்லைவாயிலிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "என் மகள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறாள். என்ன வேலையம்மா என்று கேட்டால் 'ஐடென்டிட்டி மேனேஜ்மென்ட்' என்கிறாள். ராத்திரி இரண்டு மணிக்கும் போன் வருகிறது. பதறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்து விடுகிறாள். அடுத்த மாதம் பெண் பார்க்க வருகிறார்கள். பெண்ணுக்கு என்ன உத்தியோகம் என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வது? அந்தப் பெயர் என் வாயிலேயே நுழையவில்லை."

நுழைய வேண்டாம், சகோதரி. "என் பெண்ணிடம்தான் கம்பெனியின் சாவிக்கொத்து இருக்கிறது" என்று சொல்லுங்கள். அதில் துளியும் பொய் கிடையாது.

அந்தக் காலத்துக் கூட்டுக் குடும்பத்தில் பெரியவர் இடுப்பில் ஒரு சாவிக்கொத்து தொங்கும். அரிசி உள்ளின் சாவி மூத்த மருமகளுக்குக் கொடுக்கப்படும். நகைப் பெட்டியின் சாவி கொடுக்கப்படாது. பத்துப் பாத்திரம் தேய்க்க வருகிறவளுக்குக் கொல்லைக் கதவு மட்டும் திறக்கும். அவள் வேலையை விட்டு நின்றுவிட்டால் அன்றைக்கே அந்தச் சாவியைத் திருப்பி வாங்கிக் கொள்வார்கள். யாருக்கு எந்தக் கதவு, எத்தனை நாளைக்கு என்பதெல்லாம் அந்த அம்மாளின் மனசிலேயே எழுதியிருக்கும். பத்தாயிரம் பேர் வேலை செய்கிற கம்பெனியில் இதையே கம்ப்யூட்டரில் செய்ய வேண்டும். திருமுல்லைவாயில் பெண் அதைத்தான் செய்கிறாள்.

வழக்கமாகக் குழந்தை உணவும், பிரசவித்தவளுக்குப் பத்தியமும், மூட்டு வலியும் எழுதுகிற இந்தப் பகுதியில் இது எதற்கு என்று சிலர் முகத்தைச் சுளிக்கலாம். காரணம் இருக்கிறது. நம் வீட்டு வியாதிக் காகிதமெல்லாம் இன்று அந்தச் சாவிக்கொத்துக்குள்தான் அடைபட்டிருக்கிறது.

2024 செப்டம்பர் 20 அன்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஒரு செய்தி வெளியிட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராமில் கேட்டவருக்கெல்லாம் கிடைக்கின்றன என்பதுதான் அது. தானாகப் பதில் சொல்லும் இயந்திரம் ஒன்றை அங்கே நிறுத்தியிருந்தார்கள். கேட்டால் பாலிசிக் காகிதத்தையே எடுத்து நீட்டியது. பெயர், விலாசம், போன் நம்பர், வருமான வரி விவரம், அடையாள அட்டையின் நகல், பரிசோதனை முடிவு, டாக்டர் எழுதிய நோயின் பெயர் எல்லாம் அதில் இருந்தன. மூன்று கோடிக்கு மேற்பட்டவர்களின் விவரம் தன்னிடம் இருப்பதாகத் திருடியவன் சொல்லிக் கொண்டான். கம்பெனி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய் டெலிகிராமின் மீதும் அந்த முகம் தெரியாதவன் மீதும் வழக்குப் போட்டுத் தடை உத்தரவு வாங்கியது. அவன் 68,000 டாலர் கேட்டு மிரட்டியதையும் அக்டோபரில் வெளியே சொன்னது.

பாஸ்வேர்ட் திருடு போனால் வேறு ஒன்று வைத்துக் கொள்ளலாம். ஏ.டி.எம். கார்டு தொலைந்தால் வங்கிக்கு ஒரு போன். கர்ப்பப்பை ஆபரேஷனையோ, பிள்ளையின் வலிப்பு நோயையோ, புருஷனுக்கு மனநல டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையையோ எந்த வங்கிக்குப் போன் செய்து மாற்றிக் கொள்வது? கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணின் பழைய ரிப்போர்ட் ஒன்று வெளியே போனால் என்ன ஆகும் என்று எனக்கு விளக்கத் தெரியவில்லை. உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

சரி, இத்தனை காகிதமும் எங்கேதான் இருக்கிறது? "கிளவுடில் இருக்கிறது" என்பார்கள் பிள்ளைகள். அதாவது மேகம். நானும் வெகு நாள் வானத்தைத்தான் பார்த்துக் கொண்டிருந்தேன். அண்ணாந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் போதும். 1960களில் லேத் பட்டறையும் ஸ்பிரிங்கும் நட்டும் போல்ட்டுமாகத் தொடங்கிய அந்தப் பேட்டைப் பக்கம், இன்று ஜன்னலே இல்லாத பெரிய பெரிய கட்டடங்கள் எழும்பியிருக்கின்றன. ஜப்பானின் என்.டி.டி. நிறுவனம் 2023ல் அம்பத்தூரில் ஒன்றைத் திறந்தது. ரிலையன்ஸும் புரூக்ஃபீல்டும் டிஜிட்டல் ரியால்டியும் கூட்டாக நடத்துகிற டிஜிட்டல் கனெக்ஷன் 2024 ஜனவரியில் இன்னொன்றைத் திறந்தது. முழுவதும் வளர்ந்தால் 100 மெகாவாட் தாங்கும் வளாகம் என்றார்கள். உள்ளே அலமாரி அலமாரியாக இயந்திரங்கள். அவற்றுக்கு இருபத்து நாலு மணி நேரமும் குளிரூட்ட வேண்டும். கரண்டு போனால் ஜெனரேட்டர். வாசலில் காவலாளி, கைரேகை, கேமரா. மேகம் என்பது இதுதான், பிறத்தியார் கட்டடத்தில் வாடகைக்கு எடுத்த இயந்திரம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வங்கி லாக்கரை நினைத்துக் கொள்ளுங்கள். அறைக்கு இரும்புக் கதவு போடுவதும் காவல் வைப்பதும் வங்கியின் பொறுப்பு. உங்கள் லாக்கர் சாவியை நீங்களே பூக்கடையில் வைத்துவிட்டு வந்தால் வங்கி என்ன செய்யும்? மேகமும் அப்படித்தான். கட்டடம் அவர்களுடையது, சாவியும் பூட்டும் வாடகைக்காரருடையது. 2019ல் அமெரிக்காவில் கேபிடல் ஒன் என்ற வங்கியில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களின் விவரம் போனது. அது அமேசானின் இயந்திரங்களில்தான் இருந்தது. அமேசானின் மதிலை யாரும் இடிக்கவில்லை. வங்கி தன் பங்குக்கு வைத்த தடுப்பு மென்பொருள் சரியாக அமைக்கப்படவில்லை. அந்த இடுக்கு வழியாகக் கைவிட்டு ஒரு சாவியை எடுத்து, அந்தச் சாவியால் அலமாரியைத் திறந்து விட்டார்கள்.

பெரிய திருட்டுகளைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு இதுதான் ஆச்சரியமாக இருக்கிறது. சுவரில் கன்னம் வைத்து வருகிறவன் குறைவு. நிஜச் சாவியைக் கையில் வைத்துக் கொண்டு முன் வாசல் வழியாக வருகிறவன்தான் அதிகம்.

அந்தச் சாவி அவனுக்கு எப்படிக் கிடைக்கிறது? சில சமயம் சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களே விட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்கள் எழுதுவது ஒரு சமையல் குறிப்பு மாதிரி. இதை எடு, அதில் போடு, இத்தனை நிமிஷம் கழித்து இறக்கு என்று இயந்திரத்துக்குச் சொல்கிற குறிப்பு. "உள்ளில் இருக்கிற பருப்பை எடு" என்று எழுதும்போது, அவசரத்தில் பக்கத்திலேயே "சாவி மாடத்தில் இருக்கிறது" என்றும் எழுதி வைத்து விடுகிறார்கள். 2016ல் ஊபர் டாக்சி கம்பெனியில் இதுதான் நடந்தது. பொறியாளர்கள் குறிப்புகளை வைத்திருந்த இடத்துக்குள் இரண்டு பேர் நுழைந்தார்கள். அங்கே மேகத்தின் சாவி எழுதியிருந்தது. 5 கோடியே 70 லட்சம் பேரின் விவரம் போயிற்று. கம்பெனி திருடர்களுக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்து, ஒரு வருஷம் வாயை மூடிக் கொண்டிருந்தது. மறைத்ததற்காக அதன் பாதுகாப்புத் தலைவர் 2022ல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பானார். திருட்டுக் கொடுத்ததற்காகத் தண்டனை இல்லை, மறைத்ததற்குத்தான். இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

சாமான் வாங்குகிற இடத்திலும் வினை உண்டு. இந்தக் காலத்தில் யாரும் முழுக்க வீட்டிலேயே அரைப்பதில்லை, கம்ப்யூட்டர்காரர்களும் அப்படித்தான். பல துண்டுகளை இலவசமாக வெளியிலிருந்து எடுத்துத் தங்கள் குழம்பில் சேர்த்துக் கொள்கிறார்கள். 'லாக்4ஜே' என்று அப்படி ஒரு துண்டு. பெருங்காயம் மாதிரி எல்லாச் சமையலிலும் ஒரு சிட்டிகை இருக்கும். 2021 டிசம்பரில் அதில் பெரிய ஓட்டை இருப்பது தெரிய வந்தது. சரி செய்த புதுச் சரக்கு சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் தங்கள் வீட்டில் எந்தெந்த டப்பாவில் அந்தப் பெருங்காயம் இருக்கிறது என்பதே பல கம்பெனிகளுக்குத் தெரியவில்லை! அம்பத்தூரிலும் தரமணியிலும் எத்தனையோ பிள்ளைகள் அந்த டிசம்பரை டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்தே கழித்தார்கள்.

இனி, வேலையை விட்டவரின் சாவி. 2021 மே மாதம் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்குப் பெட்ரோல் கொண்டு போகும் கலோனியல் குழாய் நிறுவனம் பல நாள் குழாயையே மூட வேண்டி வந்தது. பங்குகளில் வண்டிகள் மைல் கணக்கில் நின்றன. காரணம், யாரும் பயன்படுத்தாமல் மறந்து போன ஒரு பழைய கணக்கு. அதன் பாஸ்வேர்ட் வேறெங்கோ திருடு போன குவியலில் இருந்தது. இரண்டாவது பூட்டு கிடையாது. 44 லட்சம் டாலர் அழ வேண்டியதாயிற்று. பாத்திரம் தேய்க்கிறவள் நின்றால் அன்றைக்கே சாவியை வாங்கிய அந்தப் பெரியம்மாவை இவர்கள் ஆலோசகராக வைத்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

இரண்டாவது பூட்டு என்றேனே, அது பாஸ்வேர்டுக்கு மேல் போனுக்கு வருகிற எண், அல்லது "நீங்கள்தானா?" என்று கேட்கிற அறிவிப்பு. தொந்தரவுதான், ஒப்புக் கொள்கிறேன். அந்தத் தொந்தரவு இல்லாத ஒரே ஒரு வாசல் எத்தனை பேரை அழ வைத்தது தெரியுமா? 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனத்தில் நுழைந்தார்கள். மருந்துக் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் இன்ஷூரன்ஸுக்கும் நடுவில் பணம் பட்டுவாடா செய்கிற நிறுவனம் அது. ஒரு வாசலுக்கு மட்டும் இரண்டாவது பூட்டு இல்லை என்று தாய் நிறுவனத்தின் தலைவரே பாராளுமன்றத்தில் ஒத்துக் கொண்டார். மருந்துக் கடைகள் திண்டாடின. 2 கோடியே 20 லட்சம் டாலர் கொடுத்தும் விஷயம் முடியவில்லை. சுமார் 19 கோடிப் பேரின் விவரம் பாதிக்கப்பட்டது.

பூட்டு இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. 2022 செப்டம்பரில் அதே ஊபரில் ஒப்பந்த ஊழியர் ஒருவரின் போனுக்கு "நீங்கள்தானா? நீங்கள்தானா?" என்று அறிவிப்பு வந்து கொண்டே இருந்தது. திரும்பத் திரும்பக் கேட்டதில் ஒரு தடவை "ஆம்" என்று அமுக்கிவிட்டார். கதவு திறந்து கொண்டது. சாதம் ஊட்டுவதற்காகப் பிள்ளை கையில் அப்பாவின் ஆபீஸ் போனைக் கொடுக்கிற தாய்மார்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள். பச்சை நிறத்தில் எது தெரிந்தாலும் அமுக்குவதுதான் இரண்டு வயசின் தர்மம்.

எல்லாச் சாவியும் போன பிறகும் ஒரு வீட்டைக் காப்பாற்றக் கூடியது உள் சுவர். சமையலறையில் தீப்பிடித்தால் கூடத்துக்குப் பரவாமல் நடுவில் ஒரு சுவர் வேண்டுமல்லவா? 2022 நவம்பர் 23 அன்று டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் ஐந்து சர்வர்கள் பூட்டப்பட்டன, சுமார் 1.3 டெராபைட் விவரம் படிக்க முடியாமல் போயிற்று. ஏறத்தாழ இரண்டு வாரம் வெளிநோயாளி சீட்டிலிருந்து ரத்தப் பரிசோதனை வரை கையால் எழுதினார்கள். பச்சைக் குழந்தையைத் தோளில் போட்டுக் கொண்டு வரிசையில் நின்றவர்களை நினைத்துப் பாருங்கள். உள் வலையமைப்பைச் சரியாகப் பிரித்து வைக்காததே காரணம் என்று மத்திய அமைச்சர் பாராளுமன்றத்தில் எழுத்து மூலம் பதில் சொன்னார். நம் கூடங்குளத்திலும் 2019ல் ஒரு கம்ப்யூட்டருக்குள் கெட்ட மென்பொருள் புகுந்தது. முதலில் வதந்தி என்று மறுத்தவர்கள், அக்டோபர் 30 அன்று உண்மைதான் என்றார்கள். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் நிர்வாகப் பிரிவுடையது, அணு உலையை இயக்கும் வலையமைப்பு தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, அது பாதிக்கப்படவில்லை என்றும் சொன்னார்கள். முதலில் மறுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. சுவர் இருந்தது நல்லதாயிற்று.

கம்பெனி தன் வீட்டைப் பூட்டிவிட்டு, வெளியாளிடம் சாவி கொடுப்பதும் உண்டு. 2022 டிசம்பரில் தமிழ்நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றின் ஒன்றரை லட்சம் நோயாளிகளின் பழைய விவரங்கள் இணையத்தில் விலைக்கு வந்தன. ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வேலை செய்து கொடுத்த வெளி நிறுவனத்தின் வழியாகப் போயிருப்பதாகக் கண்டுபிடித்தவர்கள் சொன்னார்கள். இஸ்திரிக்காரரிடம் கொடுத்த புடவையில் கறை பட்டால் நாம் யாரைக் கேட்கிறோம்? நோயாளியும் ஆஸ்பத்திரியைத்தான் கேட்பார்.

இனி, மறைப்பதைப் பற்றி.

எங்கள் தெருவில் எதிர் வீட்டு மருமகள் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். கைக்குழந்தைக்காரி. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை. தீபாவளிக்கு முன்னால் ஒரு மத்தியானம், குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக் கொண்டே மெயில் பார்த்திருக்கிறாள். "போனஸ் பட்டியலில் உங்கள் பெயரைச் சரிபார்க்கவும்" என்று ஆபீஸிலிருந்து வந்தது போலவே ஒன்று. பாஸ்வேர்ட் கேட்டது, அடித்தாள். அடித்த மறு நிமிஷமே ஏதோ சரியில்லை என்று தோன்றிவிட்டது. சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயம். வீட்டுக் கடன் வேறு. யாரிடமும் மூச்சு விடவில்லை. ராத்திரி சாப்பாட்டைத் தொடவில்லை, குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது கை நடுங்கியிருக்கிறது. மாமியார் கவனித்துவிட்டார்.

"ஏம்மா, உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்ல அத்தை."

"ஒண்ணுமில்லாததுக்கா கண்ணு இப்படிச் சிவந்து கெடக்கு? சொல்லு."

சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் எட்டாவதுக்கு மேல் படித்ததில்லை. கம்ப்யூட்டரைத் துணியால் துடைப்பதோடு சரி. ஆனால் கேட்டாரே ஒரு கேள்வி!

"பால் பொங்கி அடுப்பு அணைஞ்சா மொதல்ல என்ன செய்வே? கேஸை மூடுவியா, யார் பொங்க விட்டதுன்னு விசாரிச்சிக்கிட்டு நிப்பியா? போனை எடும்மா. இப்பவே சொல்லு."

ராத்திரி பதினொன்றரைக்குப் போன் போட்டாள். ஆபீஸில் இரவு காவலுக்கு இருந்த பையன் பத்து நிமிஷத்தில் அவள் பாஸ்வேர்டை ரத்து செய்து புதிது கொடுத்தானாம். பார்த்தால், பத்து மணிக்கே எங்கிருந்தோ ஒருவன் அவள் பெயரில் கதவைத் தட்டியிருக்கிறான். இரண்டாவது பூட்டு தடுத்திருக்கிறது. விடிகிற வரை சும்மா இருந்திருந்தால் இன்னும் எத்தனை தடவை தட்டியிருப்பானோ!

கதை இதோடு முடிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். அடுத்த வாரம் மீட்டிங்கில் அவள் மேலதிகாரி எல்லார் எதிரிலும் அவள் பெயரைச் சொல்லி, "இப்படிச் செய்யக்கூடாது என்பதற்கு இவர் உதாரணம்" என்றாராம். அழுது கொண்டே வந்து என்னிடம் சொன்னாள். "இனிமே எவளாவது வாயைத் திறப்பாளா அக்கா?" என்றாள். அவள் கேட்டது ரொம்ப நியாயம். அந்த அதிகாரி ஒரு நிமிஷத்தில் நாற்பது பேருக்கு மறைக்கக் கற்றுக் கொடுத்துவிட்டார். பூட்டுக்கும் காவலுக்கும் கோடி கோடியாகச் செலவழித்து என்ன பிரயோஜனம்? ஊழியர் சொன்னால்தான் கம்பெனிக்கே தெரியும். கம்பெனிக்கோ அவகாசம் மிகக் குறைவு. இப்படிப்பட்ட சம்பவம் தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று உத்தரவு போட்டிருக்கிறது. உங்கள் கணவரோ பிள்ளையோ மேலதிகாரியாக இருந்தால் இந்த எதிர் வீட்டுக் கதையை அவர்கள் காதில் போட்டு வையுங்கள்.

நமக்காகவும் ஒரு சட்டம் வந்திருக்கிறது. 2023ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. அவை முழுவதும் நடைமுறைக்கு வந்தபின் நம் விவரம் திருடு போனால் நிறுவனம் நமக்கே தெரிவித்தாக வேண்டும். அலட்சியமாக இருந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. பதினெட்டு வயசுக்குட்பட்ட பிள்ளைகளின் விவரத்தைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் வாங்கக் கூடாது என்றும் சொல்கிறது. பள்ளிக்கூடச் செயலி, டியூஷன் செயலி என்று எதையோ இறக்கி, பிள்ளையின் பிறந்த தேதியையும் போட்டோவையும் யோசிக்காமல் கொடுத்து விடுகிறோமே, அந்த இடத்தில் கேள்வி கேட்கிற உரிமை உங்களுடையது.

வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். ஆபீஸ் லேப்டாப்பில் பிள்ளைக்குக் கார்ட்டூன் போட்டுக் காட்ட வேண்டாம். அதில் பென் டிரைவைச் செருகிப் பள்ளிக்கூட புராஜெக்டை பிரிண்ட் எடுக்கவும் வேண்டாம். மாத்திரை டப்பாவைப் போல அதையும் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பாஸ்வேர்டை எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டுகிற பழக்கம் இருந்தால் கிழித்துப் போடுங்கள். உறவினர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வாட்ஸ்அப்பில் வந்து, அதைத் திறக்க ஒரு செயலியை இறக்கச் சொன்னால் தொடாதீர்கள், பத்திரிகை படமாகத்தான் வரும். ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வருகிற பெண்ணை, "பொம்பளைப் பிள்ளைக்கு இந்த வேலை தேவையா" என்று குத்திக் காட்டாமல், காலையில் ஒரு மணி நேரம் கூடத் தூங்க விடுங்கள். ராத்திரி முழுக்க முழித்தவளுக்கு இட்லியும் ஒரு டம்ளர் மோரும் போதும். காபி மேல் காபியாகக் கொடுத்தால் பகல் தூக்கமும் போய்விடும்.

பாலிசி விவரம் வெளியே போயிருக்குமோ என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒன்று. முன்பெல்லாம் நம் பாலிசி நம்பரையும் ஆபரேஷன் நடந்த தேதியையும் சரியாகச் சொன்னால் கம்பெனி ஆள்தான் என்று நம்பினோம். இப்போது அந்த அடையாளம் செல்லாது. "உங்கள் கிளெய்ம் பணம் வந்திருக்கிறது, ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று எவ்வளவு மரியாதையாகக் கேட்டாலும் போனை வைத்துவிட்டு, பாலிசி அட்டையில் அச்சடித்திருக்கிற நம்பரை நீங்களே கூப்பிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு வங்கியில் பணத்தை நிறுத்தி வைக்க வழியுண்டு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்காரர்கள் எழுதிக் கொடுக்கப் பழைய ஞாபகத்தில் எழும்பூர் பக்கம் போக வேண்டியதில்லை. 2022 ஜனவரி 1 முதல் நமக்கென்று ஆவடி போலீஸ் கமிஷனரேட் இருக்கிறது, சைபர் கிரைம் பிரிவும் அங்கேயே.

ஆதார் நகல் கேட்கிற இடத்தில் எல்லாம் முழு நம்பரையும் கொடுக்க வேண்டியதில்லை. கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற 'மாஸ்க்டு ஆதார்' ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே கிடைக்கிறது. கைரேகையைப் பூட்டி வைக்கவும் அங்கேயே வசதி உண்டு. ரேஷன் கடையில் கைரேகை வைக்கப் போகும் முன் திறந்து கொள்ள மறந்து விடாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை ஜெராக்ஸ் எடுக்கக் கடைக்கார அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோமே, அது அவர் கம்ப்யூட்டரில் அப்படியே தங்கிவிடும். பிரிண்ட் வாங்கியதும், "அண்ணே, அந்த ஃபைலை அழிச்சிடுங்க, குப்பைத் தொட்டியிலேருந்தும் எடுத்துடுங்க" என்று பக்கத்தில் நின்று சொல்லுங்கள். முகம் சுளிக்க மாட்டார். எங்கள் பக்கத்துக் கடைக்காரர் இப்போது கேட்காமலே அழித்துவிட்டு, திரையைத் திருப்பியும் காட்டுகிறார்.